ஏஆர் கண்ணாடியில் (எதிரே தெரியும் நிஜக் காட்சியின் மேல் படம் காட்டும் கண்ணாடி) படம் ஓரம் வெட்டுப்படுதா?

முதலில் அளந்து பாருங்கள். சுவரிலிருந்து சரியாக 2 மீட்டர் தள்ளி நின்று, தலையை ஆட்டாமல், படத்தின் இடது, வலது ஓரம் விழும் இடத்தில் இன்னொருவரைச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். இடைவெளி 1.57 மீட்டர் வந்தால் கிடைமட்டப் பார்வைக்கோணம் (படம் இடவலமாக விரியும் கோணம்) சுமார் 43 டிகிரி. கம்பெனிகள் பெரும்பாலும் மூலைக்கு மூலை அளக்கும் மூலைவிட்டக் கணக்கைத்தான் போடும், அது எப்போதும் பெரிதாகவே வரும், அதோடு இதை ஒப்பிட்டுப் பதற வேண்டாம்.

நான்கு ஓரமும் மங்கினால் கண்ணாடி கண்ணைவிட்டுத் தள்ளி நிற்கிறது. சின்ன மூக்குத்தாங்கி மாட்டி, இமைமுடி உரசாத அளவுக்கு நெருக்குங்கள். மண்டபம், பாம்பன் பக்கத்துப் புழுக்கத்தில் வியர்வையிலேயே கண்ணாடி வழுக்கி இறங்கிவிடும். சொரசொரப்பான சிலிகோன் தாங்கி, பின்தலைப் பட்டை இரண்டும் வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் வெட்டினால் கண்மணி இடைவெளி (இரு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம்) அமைப்பைத் திருத்துங்கள்.

கடற்காற்றில் படியும் உப்பும் ஓரத்தை மங்கலாக்கும். காய்ந்த உப்பை அப்படியே துடைத்தால் பூச்சில் கீறல்தான். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்த பிறகே துடையுங்கள். போர் தண்ணீர் கூடாது, கறை நிற்கும். தனுஷ்கோடி மணல் வெளிச்சத்தில் படமே வெளிறும். அதற்குக் கருப்பு மூடி மாட்டினால் போதும்.

பார்வைக்கோணம் இதற்கு மேல் விரிய வேண்டுமென்றால், படத்தின் ஒளியைக் கண்வரை கடத்தும் அலைவழிக் கண்ணாடியே மாற வேண்டும்: ஒளிவிலகல் எண் 1.5க்குப் பதில் 1.9 இருந்தால் அகலமான கோணத்து ஒளியும் உள்ளே சிக்கிப் பயணிக்கும். ஆனால் 1920 பிக்சலை 40 டிகிரியில் பரப்பினால் டிகிரிக்கு 48. 80 டிகிரியில் 24தான். எழுத்து படிப்பவர்களுக்கு அது நஷ்ட வியாபாரம்.