லினக்ஸ் லேப்டாப்பில் நெட்வொர்க் எழும் வரிசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, பூட் ஆனதும் ஓட வேண்டிய பேக்கப் ஓடவே மாட்டேங்குது. கையால ஓட்டினா ஓடுது." சர்வீஸ் ஃபைலைத் திறக்கச் சொன்னேன்; பூட் ஆகும்போது எதை எப்போது தொடங்க வேண்டும் என்று சிஸ்டம்டி என்ற மென்பொருளுக்குச் சொல்வது அந்த ஃபைல்தான். நான் இந்த வேலையைக் கற்ற தொடக்கத்தில் என் ஃபைலில் எழுதிவைத்த அதே தவறான வரிகள். கேபிள் செருகியிருக்கிறதா, வைஃபை பட்டன் அணைந்திருக்கிறதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

நெட்வொர்க்.டார்கெட்டை நம்புவது

டார்கெட் என்பது பூட்டில் எட்ட வேண்டிய ஒரு கட்டத்தின் பெயர். 'ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்' என்று போட்டால் நெட் கிடைத்த பிறகுதான் சர்வீஸ் தொடங்கும் என்று நினைக்கிறார்கள். பெயரே ஆளை ஏமாற்றுகிறது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் எழுந்துவிட்டது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஐபி முகவரி வந்ததா என்று அது பார்ப்பதில்லை. மெஷினை அணைக்கும்போது, நெட்வொர்க் போகும் முன்பே உங்கள் சர்வீஸ் ஒழுங்காக நின்றுவிட வேண்டும்; அதற்குத்தான் அது முக்கியமாக உதவும்.

லேன் கார்டு சட்டென்று முகவரி வாங்கிவிடும். வைஃபை கார்டு ஃபர்ம்வேரை ஏற்றி, ரூட்டரைத் தேடி, பாஸ்வேர்ட் சொல்லி உள்ளே போக வேண்டும், அப்புறம்தான் டிஎச்சிபி, அதாவது ரூட்டரிடம் ஐபி முகவரி வாங்குவது. அலுவலகத்தில் கேபிளோடு சோதித்தபோது ஓடிய என் பேக்கப், வீட்டு வைஃபையில் மூன்று வாரம் ஒரு ஃபைலைக்கூட அனுப்பவில்லை. டிஸ்க் செத்த அன்றுதான் தெரிந்தது.

எழுத வேண்டியவை இரண்டு வரிகள்: 'வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்', 'ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்'. ஆஃப்டர் வரிசையை மட்டும் சொல்லும்; டார்கெட்டை இழுத்து வருவது வான்ட்ஸ். உங்கள் லேப்டாப்பில் நெட்வொர்க்கை நிர்வகிப்பது நெட்வொர்க்மேனேஜர் என்றால், இணைப்பு வரும்வரை காத்திருக்கும் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் சர்வீஸ் எனேபிள் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பூட் வேகமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை நிறுத்திவைத்திருப்பார்கள். அது இல்லையென்றால் அந்த டார்கெட் எதற்கும் காத்திருக்காது.

இத்தனையும் செய்தும் அந்தப் பையனுக்கு ஓடவில்லை. வைஃபை பாஸ்வேர்ட் அவனுடைய கீரிங்கில், அதாவது அவன் லாகின் செய்தால் மட்டும் திறக்கும் பாஸ்வேர்ட் பெட்டியில், இருந்தது. அவன் லாகின் செய்தால்தான் இணைப்பே வரும். லாகினுக்கு முன்னால் ஓடும் சர்வீஸுக்கு நெட் எங்கிருந்து வரும்? பாஸ்வேர்டை எல்லாப் பயனர்களுக்கும் என்று சேமித்து மறுபடி பூட் செய்தோம். சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் முகவரி வந்த வரிக்குக் கீழே பேக்கப் தொடங்கிய வரி இருந்தது.

'ஸ்லீப் 30' போடுவது

நெட் வரட்டும் என்று 30 நொடி சும்மா காத்திருக்கச் சொல்லும் கட்டளை இது. வேண்டாம். இன்று போதும், நாளை போதாது.

ஈத்0 என்று கையால் எழுதுவது

ஈத்0 என்பது லேன் கார்டின் பழைய பெயர். சிஸ்டம்டி 2013 முதல் கார்டு இருக்கும் இடத்தை வைத்தே பெயர் தருகிறது. 'ஐபி லிங்க்' என்ற கட்டளை காட்டும் பெயரை எழுதுங்கள்.

செருகாத கேபிளுக்காகக் காத்திருப்பது

நெட்வொர்க்மேனேஜருக்குப் பதிலாக சிஸ்டம்டி-நெட்வொர்க்டி பயன்படுத்துகிறவர்களுக்கு, லேன் கேபிள் செருகாவிட்டால் பூட் 2 நிமிடம் அப்படியே நிற்கும். அதன் வெயிட்-ஆன்லைன் சர்வீஸின் இயல்பான கெடுவே 120 நொடிதான். லேன் கார்டின் அமைப்பில் 'ரிக்வயர்டுஃபார்ஆன்லைன்=நோ' போடுங்கள்; நெட்வொர்க் அமைப்பை நெட்பிளான் என்ற கருவியில் எழுதுகிறீர்கள் என்றால் 'ஆப்ஷனல்: ட்ரூ'.

ஊகித்து மாற்றுவது

முதலில் 'சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின்' என்று அடித்து, கூடவே உங்கள் சர்வீஸின் பெயரையும் கொடுங்கள். எது எதற்காக எத்தனை நொடி காத்திருந்தது என்பது அங்கேயே தெரியும்.