பிட்காயினைப் பணமாக்கிய எல் சால்வடோர்: மற்ற நாடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 செப்டம்பர் 7 அன்று, பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தைச் சட்டபூர்வ பணமாக்கிய முதல் நாடானது மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர். அங்கே 2001 முதல் அமெரிக்க டாலர்தான் புழக்கத்தில் இருக்கிறது. அதோடு பிட்காயினும் சேர்ந்தது. 2025 ஜனவரியில், கடைக்காரர்கள் அதை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை நாடாளுமன்றமே நீக்கிவிட்டது.

முதலில் அவசரம். அதிபர் நயீப் புக்கேலே ஜூன் தொடக்கத்தில் அறிவித்தார், சில நாட்களில் சட்டம் நிறைவேறியது, மூன்றே மாதத்தில் நாடு முழுக்க அமல். பிட்காயினை வைத்துச் செலவழிக்க அரசு தந்த 'சிவோ' வாலட் செயலி முதல் நாளே கூட்டம் தாங்காமல் சில மணி நேரம் நிறுத்தப்பட்டது. அதைவிட மோசம், தங்கள் அடையாள அட்டை எண்ணில் யாரோ ஏற்கெனவே கணக்கு திறந்திருப்பதைப் பலர் கண்டுபிடித்தார்கள். புதிதாகச் சேருபவருக்கு அரசு தந்த 30 டாலர்தான் அதற்குத் தூண்டில். ஆளைச் சரிபார்க்கத் தெரியாத செயலியை நம்பிப் பொதுப்பணத்தை இறக்கவே கூடாது.

அந்த 30 டாலரிலேயே இன்னொரு தவறும் இருக்கிறது, என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது: எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்பதை வைத்து வெற்றியை அளப்பது. பொருளாதார ஆய்வாளர்கள் சுமார் 1,800 குடும்பங்களை நேரில் கேட்டார்கள். இலவசப் பணத்தைச் செலவழித்த பிறகு பெரும்பாலானோர் வாலட்டைத் தொடவே இல்லை.

அப்புறம் கட்டாயம். சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வாடிக்கையாளர் பிட்காயின் நீட்டினால் வியாபாரி வாங்க வேண்டும் என்றது. தொழில்நுட்ப வசதி இல்லாதவர்களுக்கு மட்டும் விலக்கு. தெருவோரம் புப்பூசா சுட்டு விற்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். இன்று வரும் காசில்தான் நாளைக்குச் சோளமாவும் சீஸும் வாங்க வேண்டும். சட்டம் அமலான அன்றே பிட்காயின் 52,000 டாலர் பக்கத்திலிருந்து 43,000 வரை சரிந்தது. உடனே டாலராக மாற்றிக்கொள்ள சிவோவில் வழி இருந்தது, உண்மைதான். அதற்காக அரசு 15 கோடி டாலர் நிதி ஒதுக்கியது. அதாவது வியாபாரியின் தலையிலிருந்து இறங்கிய விலை ஆபத்து பொதுக் கஜானாவின் தலையில் ஏறியது. வந்ததும் டாலராக்கத்தான் போகிறார்கள் என்றால், டாலரையே வாங்கிவிடலாமே!

வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் அந்நாட்டுப் பொருளாதாரத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. அனுப்பும் செலவு குறையும் என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் 2022-இல் பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களுக்கான வாலட் வழியே வந்தது 2 சதவீதத்துக்கும் குறைவு. வாங்குபவருக்குக் கடைசியில் ரொக்கம் தேவைப்படும் இடத்தில், நடுவழியை மட்டும் மலிவாக்கினால் போதாது.

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு இதையெல்லாம் பார்த்த பிறகும் 2022 ஏப்ரலில் அதே வழியில் இறங்கியது. பெரும்பாலோருக்கு இணையமே இல்லாத நாடு அது. அடுத்த ஆண்டே பின்வாங்கியது.

விலை ஏறும்போதெல்லாம், அரசு வாங்கி வைத்த பிட்காயின் லாபத்தில் இருக்கிறது, ஆகவே சோதனை வெற்றி என்று சொல்பவர்கள் உண்டு. முதலீடு லாபம் தருவது வேறு, மக்கள் அதில் அரிசி பருப்பு வாங்குவது வேறு. எந்த அரசு இதைச் செய்தாலும், சலுகை தீர்ந்து ஆறு மாதம் கழித்து எத்தனை கடைகளில் தானாகப் புழங்குகிறது என்று கேளுங்கள்.