ஆங்கில வகுப்பில் ஆசிரியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் உண்டு. ஆனாலும் பத்தாம் வகுப்பில் விடுப்புக் கடிதத்தை மனப்பாடமாக எழுதும் பல பிள்ளைகளுக்கு, நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால் இரண்டு வாக்கியம் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பு முழுக்க ஆசிரியரே பேசிவிடுகிறார்.

உரைநடைப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒரு வரி வாசிப்பார், தமிழில் பொருள் சொல்வார், அடுத்த வரிக்குப் போவார். கடைசியில் வினா விடையைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார். கதையைத் தமிழில் கேட்டாயிற்று, விடையைப் பார்த்து எழுதியாயிற்று. ஆங்கில வரியோடு மாணவருக்கு வேலையே இல்லை! இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. புரியாத நான்கைந்து சொற்களை மட்டும் முதலில் சொல்லிக்கொடுங்கள். அப்புறம் ஒரு பத்தியை அவர்களே மௌனமாக வாசிக்கட்டும். யாருக்கு யார்மேல் கோபம் என்பதுபோல ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தமிழில் வந்தாலும் சரி, வாசித்துப் புரிந்துகொண்டது அவர்தான்.

தமிழே கூடாது, பேசினால் அபராதம் என்பது நேர் எதிரான தவறு. 'ஐ ஆம் நோயிங் ஹிம்' என்று எழுதும் மாணவரிடம், தமிழில் 'தெரிந்துகொண்டிருக்கிறது' என்று சொல்வோமா என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பிடித்துக்கொள்வார். அதையே ஆங்கிலத்தில் விளக்கினால் அரை வகுப்பு போய்விடும்.

ஆங்கிலச் சொல்லின் மேல் உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்கும் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். கிரிக்கெட் மட்டை, தேர்வு எழுதும் அட்டை, 'கெட்ட' என்ற சொல், தட்டிக்கொடுப்பது எல்லாமே தமிழ் எழுத்தில் 'பேட்'தான். கண் தமிழை வாசிக்கும்; ஆங்கில எழுத்து மனதில் பதியவே பதியாது. ஆசிரியர் சொல்ல, வகுப்பே சேர்ந்து நான்கு முறை திருப்பிச் சொல்வது எவ்வளவோ மேல்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்காததும் ஒரு தவறு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பற்றி எழுதியது இது: ஆசிரியர்கள் பதிலுக்காகப் பெரும்பாலும் ஒரு நொடி அளவுதான் பொறுக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, தாமாகப் பேச வருபவர்களும் கூடுகிறார்கள். தாய்மொழியிலேயே அப்படியென்றால், இன்னொரு மொழியில் வாக்கியத்தை மனதுக்குள் கோத்துப் பேச வேண்டிய பிள்ளைக்கு மூன்று நொடிகூடப் போதாது.

ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். வாயை மூடிக்கொள்வார். காதில் விழும் தவறுகளைக் குறித்துக்கொண்டு, எல்லோரும் பேசி முடித்ததும், பெயர் சொல்லாமல் இரண்டை மட்டும் பலகையில் எழுதித் திருத்தச் சொல்லுங்கள். கட்டுரை நோட்டிலும் இப்படித்தான்: இந்த வாரம் இறந்தகாலம் என்றால் அதை மட்டும் திருத்துங்கள், மற்றவை அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும்.