வண்டிச் சத்தம் இல்லாத ரோட்டில் சைக்கிள்: கானாடுகாத்தான் முதல் பிரான்மலை வரை

செட்டிநாட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் காரில் வந்து, கானாடுகாத்தானில் இரண்டு வீடு பார்த்து, காரைக்குடியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் இருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. கண்மாய்க்கரை, பனைவரிசை, அய்யனார் கோயில்காடு, செம்மண் பொட்டல், மேற்கே போகப்போக எழும்பி வரும் குன்றுகள் என்று அங்கேதான் எவ்வளவோ இருக்கிறது. அதைப் பார்க்கச் சைக்கிளைவிட நல்ல வண்டி கிடையாது. லாரி ஹாரன் காதைத் துளைக்காத ரோடாக இருந்தால் இன்னும் நல்லது. அப்படிப்பட்ட ரோடுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு, ஆனால் போனில் வழி கேட்டால் அது பெரிய ரோட்டைத்தான் காட்டும். சின்ன ரோட்டை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மார்கழி, தை, மாசி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாயில் தண்ணீர் நிற்கும், வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும். சித்திரை, வைகாசியில் புதியவர்கள் வரவே வேண்டாம். ஐப்பசியில் வந்தால் தரைப்பாலங்களில் தண்ணீர் ஓடும். முழங்கால் அளவுதானே என்று சைக்கிளோடு இறங்கிவிடாதீர்கள், இழுப்பு அதிகம்.

தை மாதத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பொங்கலை ஒட்டி, தை மூன்றாம் நாள் சிராவயலில் மஞ்சுவிரட்டு நடக்கும். அன்று பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர்ப் பக்கம் சைக்கிளில் போவது நடக்காத காரியம். தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடப்பார்கள். அந்தப் பாதையில் அப்போது நடப்பவர்களுக்கே முதலிடம். வேறு பக்கம் போய்க்கொள்ளலாம்.

படி 2: இருக்கிற சைக்கிளே போதும்

காரைக்குடியைச் சுற்றி ஓட்டக் கியர் தேவையில்லை. தாத்தா காலத்து இருபத்துநாலு இஞ்ச் சைக்கிளே தாராளமாகப் போகும். சீட் உயரத்தை மட்டும் சரி செய்யுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். நன்றாக மடங்கினால் இருபது கிலோமீட்டரில் மூட்டு வலிக்கத் தொடங்கிவிடும். பிரான்மலைப் பக்கம் போவதானால் கியர் இருப்பது நல்லது. டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லிய ரேஸ் டயருக்கு இந்த ஊர்ச் சரளை ஒத்துவராது.

வெளியூர்க்காரர்கள் சைக்கிளை ரயிலில் கொண்டுவரலாம். பார்சல் ஆபீசில் பதிந்து ஏற்றினால் காரைக்குடி ஜங்ஷனில் இறக்கிக்கொள்ளலாம்.

படி 3: அமைதியான ரோட்டை அடையாளம் காணுங்கள்

எல்லாமே இதில்தான் இருக்கிறது, அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதலில் மேப்பில் பெரிய ரோடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலூர்–திருப்பத்தூர்–காரைக்குடி, புதுக்கோட்டை–திருமயம்–திருப்பத்தூர், திருமயம்–காரைக்குடி–தேவகோட்டை. இவற்றில் ஓட்டக் கூடாது, குறுக்கே கடக்க மட்டும் செய்யலாம். இவற்றுக்கு நடுவே இருக்கும் முக்கோணங்களுக்குள்தான் நமக்கான ரோடு.

அடுத்து சாட்டிலைட் படத்துக்கு மாறுங்கள். நீலமாகவோ பச்சையாகவோ பெரிய திட்டுகள் தெரிந்தால் அவை கண்மாய்கள். கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வளைந்து போகும். கரை எப்படி வளைகிறதோ அப்படியே ரோடும் வளையும். வளைந்து போகிற ரோட்டில் அவசரக்காரர்கள் வருவதில்லை. அந்தக் கோடு ஒரு கலுங்கையோ (கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) மடையையோ தாண்டி அடுத்த ஊரில் போய்ச் சேர்ந்தால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். போகிற பகுதியின் மேப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நடுக்காட்டில் சிக்னல் கிடைக்காமல் போகலாம்.

மூன்றாவது, டீக்கடையில் கேளுங்கள். ‘இந்த ரோட்டுல என்ன பஸ்ணே போகும்?’ என்று கேட்டால் போதும். ‘மினி பஸ் மட்டுந்தான்’ என்று பதில் வந்தால் யோசிக்காமல் கிளம்பலாம். ‘பஸ்ஸே இல்லப்பா’ என்றால் அதைவிட நல்லது, தண்ணீரை மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மேப்பும் சொல்லாத, அவசரத்தில் டீக்கடைக்காரரும் சொல்ல மறக்கிற ஒன்று உண்டு. ரோட்டோரச் செடிகளின் இலையைப் பாருங்கள். செம்மண் புழுதி படிந்திருந்தால் பரவாயில்லை. வெள்ளையாக மாவு பூசியது போலிருந்தால் பக்கத்தில் கல்குவாரியோ கிரஷரோ இருக்கிறது. டிப்பர் லாரிகள் எந்நேரமும் வரும். ரோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

படி 4: முள்ளுக்குத் தயாராகுங்கள்

செட்டிநாட்டில் சைக்கிள்காரருக்கு உண்மையான எதிரி மேடு இல்லை, சீமைக்கருவேல முள். கண்மாய்க்கரை நெடுக அது கிடக்கும். பஞ்சர் கடை பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். அதனால் வீட்டு வாசலிலேயே ஒரு முறை ட்யூபைக் கழற்றி மாட்டிப் பழகிக்கொண்டு கிளம்புங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: மாற்று ட்யூப், டயர் லீவர், கைப்பம்ப், சொல்யூஷன், ஒட்டு, உப்புத்தாள், கொஞ்சம் பஞ்சு. பழைய சைக்கிள் என்றால் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாயான வால் டியூப் இரண்டு துண்டு, நட்டுக்கேற்ற ஸ்பானர்.

பஞ்சரானால் சைக்கிளை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தலைகீழாக நிறுத்துங்கள். வீலைக் கழற்றி, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் எடுத்து ட்யூபை உருவுங்கள். காற்றடித்துக் கன்னத்தருகே வைத்துச் சுற்றினால் ஓட்டை தெரியும். ஒட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுக்கப் பஞ்சால் தடவுங்கள். முள்நுனி இருந்தால் பஞ்சு மாட்டும், விரல் தப்பிக்கும். புதியவர்கள் பலர் இதை விட்டுவிடுவதால்தான் ஒட்டிய ஐந்தாவது நிமிடமே மறுபடி காற்று இறங்குகிறது. பிறகு உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அதன்பின் ஒட்டை அழுத்துங்கள். ட்யூபில் கொஞ்சம் காற்று வைத்து உள்ளே நுழைத்தால் முறுக்கிக்கொள்ளாது.

படி 5: முதல் நாள் சமதரையில்

கானாடுகாத்தானில் விடிகாலை கிளம்பி, உள்ரோடுகளில் ஆத்தங்குடி. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்துக் கையாலேயே தரைக்கல் செய்வதை அங்கே பார்க்கலாம். அங்கிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி. குன்றக்குடி முருகன் கோயில் குன்று தூரத்திலிருந்தே தெரியும், அதைக் குறி வைத்து ஓட்டலாம். போன வழியே திரும்பினால் மொத்தம் நாற்பது கிலோமீட்டர் அளவில் முடியும். முதல் நாளைக்கு அது போதும். பத்து மணிக்குள் பாதிக்கு மேல் முடித்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். இட்லிக்கடை வழியில் கிடைக்கும். அறுவடை நேரத்தில் ரோட்டில் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதன்மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது அவர்களுடைய ஆறு மாத உழைப்பு.

படி 6: வேட்டங்குடி

திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய கண்மாய்களைச் சேர்த்து 38.4 ஹெக்டேர். நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் இங்கே கூடும். பறவைகள் மிரளக் கூடாது என்று இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் ஒரு வெடிச் சத்தத்தைக்கூட விட்டுக்கொடுக்கிற ஊரில் நாம் பெல் அடித்துக்கொண்டு போவது முறையல்ல. கரைக்கு முன்பே இறங்கி, போனையும் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நடந்து போங்கள். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருப்பதால், அங்கே சேரும் கடைசித் தூரத்தில் மட்டும் ஓரமாக, வரிசையாக ஓட்டுங்கள்.

படி 7: குன்றுக்குப் போகலாம்

இரண்டு மூன்று வாரம் சமதரையில் ஓட்டிப் பழகியபின் பிரான்மலை. சிங்கம்புணரியில் தங்கிக் கிளம்புவது சுலபம். கயிறு திரிக்கும் ஊர் அது, சேவுகப்பெருமாள் அய்யனார் கோயிலும் அங்கேதான். அங்கிருந்து பிரான்மலை ஏழெட்டுக் கிலோமீட்டர். இரண்டாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அந்த மலை முழு வழியிலும் கண்ணெதிரே நிற்கும். பாரி ஆண்ட பறம்பு மலை இதுதான் என்பார்கள். சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் கோயில் அடிவாரத்தில் பாதாளம், பூமி, கயிலாயம் என்று மூன்று நிலைகளாக இருக்கிறது. மேலே தர்காவும் உண்டு. மலையுச்சிக்கு நடந்துதான் ஏற வேண்டும், சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிடுங்கள். தின்பண்டத்தைக் கேரியரில் வைத்தால் குரங்கு விடாது.

இந்தப் பக்கத்து ரோடுகள் ஏறி இறங்கும். மேடு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பாதி மேட்டில் மாற்றினால் செயின் கழலும். மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சரளையில் வழுக்கும். காப்புக்காடு (வனத்துறை பாதுகாக்கும் காடு) என்று பலகை இருக்கும் இடத்தில் ஒற்றையடிப் பாதை எவ்வளவு ஆசை காட்டினாலும் உள்ளே திரும்பாதீர்கள். கோயில்காட்டில் மண்குதிரைகள் நிற்கும் இடத்தில் செருப்பைக் கழற்றுங்கள். அங்கே ஒரு சுள்ளி விழுந்து கிடந்தாலும் ஊரார் எடுப்பதில்லை.

படி 8: திரும்பி வந்ததும்

செம்மண் புழுதி செயினில் எண்ணெயோடு சேர்ந்தால் பல்சக்கரத்தை அரித்துவிடும். அன்றிரவே பழைய துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தை மறுபடி துடையுங்கள். இரண்டு டயரையும் ஒரு முறை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். முனை முறிந்த முள் ஏதாவது ரப்பரில் பதிந்திருந்தால் வெளிச்சத்தில் பிடுங்கிவிடுங்கள்.