அணுகல்தன்மை மென்பொருளின் மூலநிரலை வேறு தளத்துக்கு மாற்றும்போது

2015 மார்ச்சில் கூகுள் நிறுவனம், மென்பொருள்களின் மூலநிரலை வைத்துக்கொள்ள இடம் தந்த தன் கூகுள் கோடு தளத்தை மூடப்போவதாக அறிவித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் தளம் படிப்பதற்கு மட்டும் என்றாகி, 2016 ஜனவரியில் மூடப்பட்டது. எழுத்தைப் பிரெயிலாக மாற்றித் தரும் லிப்லூயி அங்கே இருந்த திட்டங்களில் ஒன்று. இப்போது அது அதே வேலையைச் செய்யும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. தளம் மூடப்பட்டால்தான் இடம் மாற வேண்டும் என்பதும் இல்லை. 2020-இல் பிட்பக்கெட் என்ற தளம், மெர்க்கூரியல் என்ற கருவியில் அமைந்த களஞ்சியங்களை (மூலநிரலும் அதன் மாற்ற வரலாறும் சேர்ந்த தொகுப்புகளை)க் கைவிட்டபோதும், 2018-இல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை வாங்கியபோதும் பல திட்டங்கள் வேறு இடம் தேடின. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான், எழுத்தைப் பேச்சாக்கும் பேச்சுப்பொறி, பிரெயில் இயக்கி போன்றவற்றைப் பராமரிக்கிறவர்களுக்கு இந்த வேலை என்றாவது ஒருநாள் வந்து சேரும் என்பதால், அதைச் செய்ய வேண்டிய முறையை இங்கே எழுதுகிறேன்.

மூலநிரலை மாற்றுவது இதில் எளிய பகுதி. அந்த மென்பொருளை நம்பி வாழ்கிறவர்களும், அதன் வழுக்களைச் சொல்கிறவர்களும், திருத்தங்களை அனுப்புகிறவர்களும் பெரும்பாலும் திரைவாசிப்பானைக் கொண்டே கணினியைப் பயன்படுத்துகிறவர்கள். புதிய தளத்தில் அவர்களால் தாமாகவே நுழைந்து வேலை செய்ய முடியவில்லை என்றால், மென்பொருள் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களையே வெளியே நிறுத்தியதாகிவிடும். ஆகவே தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே சோதனையைத் தொடங்க வேண்டும்.

சுட்டியைத் தொடாமல், விண்டோஸில் என்விடிஏ, லினக்ஸில் ஆர்கா, மேக்கில் வாய்ஸ்ஓவர் ஆகிய திரைவாசிப்பான்களில் குறைந்தது இரண்டைக் கொண்டு, புதிய தளத்தில் ஒரு பங்களிப்பாளர் செய்யும் வேலைகள் அனைத்தையும் வரிசையாகச் செய்து பாருங்கள். முதல் தடை பதிவுப் பக்கத்திலேயே இருக்கும். படத்தில் உள்ளதைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேப்சாவுக்கு ஒலி வடிவ மாற்று இருக்கிறதா, அந்த ஒலி உண்மையிலேயே புரிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது இரட்டைச் சரிபார்ப்பு: கியூஆர் குறியீட்டை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும் தளம் போதாது, அதே ரகசியச் சாவியை எழுத்தாகவும் தர வேண்டும். பிறகு ஒரு வழு அறிக்கையைத் திறந்து, அதற்கு வந்த பதில்களைத் தலைப்பு விட்டுத் தலைப்பு தாவிப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். என்விடிஏவில் எச் விசையை அழுத்தினால் ஒவ்வொரு பதிலின் தொடக்கத்துக்கும் போக முடிந்தால், நூறு பதில்கள் கொண்ட விவாதத்தையும் ஒருவர் களைப்பின்றிப் படிப்பார். முடியாவிட்டால் பத்தாவது பதிலிலேயே விட்டுவிடுவார். மிகக் கடினமான சோதனை நிரல் மாற்றங்களைக் காட்டும் பக்கம். எந்த வரி நீக்கப்பட்டது, எந்த வரி சேர்க்கப்பட்டது என்பதைச் சிவப்பும் பச்சையும் மட்டுமே சொன்னால், பார்வையற்ற நிரலாளருக்கு இரண்டும் ஒன்றுதான். குறிப்பிட்ட ஒரு வரியில் கருத்து எழுதும் பொத்தானுக்கு விசைப்பலகையால் போக முடிகிறதா என்பதையும் இங்கேயே பாருங்கள். மின்னஞ்சலிலேயே பதில் எழுதும் வசதியும் வேண்டும். இணையப் பக்கத்தைவிட அஞ்சல் செயலியில் வேகமாக வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபைச் சொந்தச் சேவையகத்தில் நிறுவுவதானால், உள்வரும் அஞ்சலுக்கான அமைப்பை நீங்களே செய்தாக வேண்டும்.

தளம் முடிவான பின் பட்டியல் போடுங்கள். மூலநிரல், வழு அறிக்கைகள், புல் ரிக்வெஸ்டுகள் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லிப் பங்களிப்பாளர் அனுப்பும் கோரிக்கைகள்), விக்கி, வெளியீடுகளோடு இணைத்த நிறுவல் கோப்புகள், மூலநிரலிலிருந்து நிறுவல் கோப்பைத் தானே உருவாக்கும் தானியங்கிக் கட்டமைப்பில் பதிந்துள்ள சாவிகள், மொழிபெயர்ப்புத் தளத்தோடு உள்ள இணைப்பு என எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். கிட்ஹப்பிலும் கிட்லேபிலும் விக்கி ஒரு தனிக் களஞ்சியம் என்பதால், மூலநிரலோடு சேர்ந்து தானாக வந்துவிடாது.

இனி மூலநிரல். மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியின் குளோன் கட்டளையோடு மிரர் என்ற தெரிவைச் சேர்த்துப் பழைய களஞ்சியத்தின் முழுப் பிரதியை எடுங்கள். கிளைகள், வெளியீடுகளைக் குறிக்கும் டேக்குகள், வரலாறு அனைத்தும் அதில் இருக்கும். ஆனால் அதை அப்படியே மிரர் தெரிவோடு புதிய இடத்துக்குத் தள்ளினால் சிக்கல் வரலாம். கிட்ஹப்பிலிருந்து எடுத்த பிரதியில் புல் ரிக்வெஸ்டுகளுக்கான மறைவான சுட்டிகளும் சேர்ந்தே வரும். அவற்றை ஏற்க மறுக்கும் தளங்கள் உண்டு. கிளைகளை முதலிலும் டேக்குகளை அடுத்தும் தனித்தனியாகத் தள்ளுவதே நல்லது. பேச்சுப்பொறிக்கான குரல் பதிவுகள் போன்ற பெரிய கோப்புகளை களஞ்சியத்துக்கு வெளியே சேமிக்கும் எல்எஃப்எஸ் முறையில் வைத்திருந்தால் அவற்றையும் தனியே எடுத்துத் தனியே தள்ள வேண்டும். கிட்ஹப்புக்குப் போகிறவர்கள் கவனிக்க: 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோப்பு, எப்போதோ நீக்கப்பட்டு வரலாற்றில் மட்டுமே இருந்தாலும், அங்கே மறுக்கப்படும். தள்ளி முடித்ததும் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஒவ்வொரு கிளையின் கடைசி கமிட்டின் (பதிந்த மாற்றத்தின்) அடையாள எண் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எண் ஒன்றானால் அதற்குப் பின்னால் உள்ள வரலாறு முழுவதும் ஒன்றே.

நான் அதிகம் கவலைப்படும் பகுதி வழு அறிக்கைகள். பல ஆண்டுகளாகப் பயனர்கள் பொறுமையாக விவரித்த இடர்ப்பாடுகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றின் எண்கள் கமிட் குறிப்புகளில் ஊடுருவி நிற்கின்றன. '2314-ஆவது வழு சரிசெய்யப்பட்டது' என்று ஒரு கமிட் சொல்லும்போது, புதிய தளத்தில் 2314 வேறொன்றைக் காட்டினால், திட்டத்தின் வரலாறு பொய் சொல்லத் தொடங்கும். என்விடிஏ தன் அறிக்கைகளை ட்ராக் என்ற பழைய அமைப்பிலிருந்து கிட்ஹப்புக்குக் கொண்டுவந்தபோது எண்களை மாற்றாமல் காத்தது. அதனால் பழைய குறிப்புகள் இன்றும் சரியான இடத்துக்கே போகின்றன. இதற்கு நம்பகமான வழி, புதிய களஞ்சியத்தில் ஒரு சோதனை அறிக்கையைக்கூடத் திறக்காமல், வெறுமையாக இருக்கும்போதே இறக்குமதி செய்வது. சோதனைக்கு வேறொரு தற்காலிகக் களஞ்சியத்தை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நுணுக்கம்: கிட்ஹப்பில் வழு அறிக்கைகளுக்கும் புல் ரிக்வெஸ்டுகளுக்கும் ஒரே எண்வரிசை, கிட்லேபில் இரண்டுக்கும் தனித்தனி வரிசை. கிட்லேபிலிருந்து கிட்ஹப்புக்கு வருகிறவர்களுக்கு, 40-ஆம் எண் அறிக்கையும் 40-ஆம் எண் மெர்ஜ் ரிக்வெஸ்டும் (புல் ரிக்வெஸ்டுக்குக் கிட்லேபில் உள்ள பெயர்) ஒரே நாற்காலிக்குப் போட்டியிடும். அப்போது அறிக்கைகளின் எண்ணைக் காப்பாற்றி, மற்றதைப் பழைய முகவரியோடு வெறும் குறிப்பாகச் சேர்ப்பதே என் தேர்வாக இருக்கும்.

அறிக்கைகளோடு வந்த இணைப்புக் கோப்புகளை அப்படியே அள்ளிக்கொண்டு போகாதீர்கள். என்விடிஏவின் பதிவுக் கோப்பு, உள்ளீடு வெளியீடு என்ற நிலையில் எழுதப்பட்டிருந்தால், பயனர் அழுத்திய விசைகளும் அவருக்கு வாசிக்கப்பட்ட சொற்களும் அதில் வரிவரியாக இருக்கும். அவருடைய அஞ்சலின் ஒரு பகுதிகூட அதில் பதிந்திருக்கலாம். பயனர் நம்பிக் கொடுத்ததை இன்னொரு தளத்தில் மறுபடி பொதுவில் வைக்கும் முன் திறந்து பார்ப்பது நம் கடமை.

உங்கள் திட்டத்தை மற்றத் திட்டங்கள் உள்ளே வைத்திருக்கலாம். என்விடிஏ தன் களஞ்சியத்துக்குள் ஈஸ்பீக் என்ஜி என்ற பேச்சுப்பொறியையும் லிப்லூயியையும் துணைக் களஞ்சியங்களாகவே சேர்த்திருக்கிறது. என்விடிஏ வழியாகத் தமிழைக் கேட்கிற பலருக்கு ஒலிப்பது ஈஸ்பீக் என்ஜியின் தமிழ் உச்சரிப்பு விதிகள்தான். இப்படி உள்ளே வைத்திருப்பவர்களின் அமைப்புக் கோப்பில் பழைய முகவரி எழுதப்பட்டிருக்கும். அவர்களுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். முகவரியை மாற்றிய பின் ஒவ்வொரு நிரலாளரும் தம் கணினியில் சப்மாட்யூல் சிங்க் கட்டளையை ஒருமுறை ஓட்ட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அப்படியும் அவர்களுடைய பழைய கமிட்டுகளில் பழைய முகவரியே நிலைத்திருக்கும். பழைய களஞ்சியத்தை அழிக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். என்விடிஏவுக்கான துணைநிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: துணைநிரல் அங்காடியில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பதிவிறக்க முகவரியும் கோப்பின் சரிபார்ப்புக் குறியீடும் பதியப்படுகின்றன. அந்தப் பழைய முகவரியிலிருந்து கோப்பை நீக்கினால், அங்காடியில் நிறுவப் பார்க்கிறவருக்குக் கிடைப்பது பிழைச்செய்தி மட்டுமே.

தானியங்கிக் கட்டமைப்பைப் புதிய தளத்தின் முறைக்கு மாற்றி எழுதுவது பற்றி அந்தந்தத் தளமே விரிவாகச் சொல்லும். நான் சொல்ல வேண்டியது கையொப்பச் சாவியைப் பற்றி மட்டும். விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரங்களைத் திரைவாசிப்பான் வாசிக்க வேண்டுமானால், அதன் இயங்கு கோப்பு டிஜிட்டல் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும். கையொப்பச் சாவியைப் புதிய தளத்துக்குக் கொண்டுவர மறந்தாலும் கட்டமைப்பு வெற்றி என்றே காட்டும், கோப்பும் உருவாகும். ஆனால் அதை நிறுவியவருக்கு அந்தச் சாளரங்களில் பேச்சு நின்றுபோகும். புதிய தளத்தில் உருவான முதல் கோப்பை வெளியிடும் முன் அதன் கையொப்பத்தை நேரில் பாருங்கள்.

புதுப்பிப்பைத் தேடும் முகவரி மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால், இடம் மாறும் முன் பழைய தளத்திலிருந்தே ஒரு கடைசி வெளியீட்டைத் தந்து, அந்த முகவரியைத் திட்டத்தின் சொந்தப் பெயரில் பதிந்த தளத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த முறை எங்கே போனாலும் பயனர் கணினியில் எதையும் தொட வேண்டியிராது.

கடைசியாக, திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒரு பங்களிப்பாளரிடம் புதிய முகவரியை மட்டும் கொடுத்து, யார் உதவியும் இல்லாமல் பதிவுசெய்து, களஞ்சியத்தை இறக்கி, ஓர் அறிக்கையைத் திறக்கச் சொல்லுங்கள். அவர் முடித்த பிறகே பழைய களஞ்சியத்தைப் பூட்டலாம். பூட்டிய களஞ்சியத்தில் எதையும் திருத்த முடியாது; எனவே ரீட்மீ கோப்பின் முதல் வரியில் புதிய முகவரியைப் படமாகவோ பட்டையாகவோ வைக்காமல் வெறும் எழுத்தாக எழுதி, திறந்திருக்கும் ஒவ்வோர் அறிக்கையிலும் அதன் புதிய இணைப்பைச் சேர்த்து, அதற்குப் பின்பே படிப்பதற்கு மட்டும் என்ற நிலைக்கு மாற்றுங்கள்.