தோழியின் படப்புத்தகத்தை வாசித்துப் பார்ப்பது எப்படி?

பெங்களூரு அல்சூரில் நாங்கள் மூன்று பேர், சிறுவர் கதை எழுதுகிறவர்கள். அச்சுக்குப் போகுமுன் ஒருவர் கதையை மற்றவர் பார்த்துவிடுவோம். முதலில் ஒரு மாதிரிப் புத்தகம் செய்யுங்கள். எட்டு ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடித்துத் தைத்தால் 32 பக்கம். படப்புத்தகத்தின் வழக்கமான அளவு. பென்சில் படம் போதும்.

எழுதியவரே வாசிக்கக் கூடாது. தோழி சத்தமாக வாசிக்கட்டும், நாக்கு தடுக்கும் இடத்தில் கோடு போடுங்கள். அப்புறம், படம் காட்டுவதையே வரியும் சொல்கிறதா என்று பாருங்கள். ‘நனைந்த பூனை சோகமாக நின்றது’ என்ற என் வரியை அவள் விரலால் மறைத்தாள். சொட்டும் வாலே போதுமாயிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புத்தகம் வந்ததும் முதல் பிரதி அவள் மகளுக்கு, பெயர் எழுதி.

பிறமொழிக் கதையைத் தமிழாக்க ஆசையிருந்தால், இந்த ஊர்ப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளத்தில் தேடுங்கள். திறந்த உரிமக் கதைகளை, அதாவது யாரும் பயன்படுத்த அனுமதி தந்த கதைகளை, எழுதியவர், வரைந்தவர் பெயரோடு தமிழாக்கிப் பகிரலாம்.