ஆவாரையை வகைப்படுத்தி அறிவியல் பெயர் எழுதுவது எப்படி?

பூவின் மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பி ஆவாரை என்று முடிவு செய்யாதீர்கள். கொன்றை, தகரை, சீமையகத்தி எல்லாமே மஞ்சள்தான். பூ, மொட்டு, காய் மூன்றும் உள்ள ஒரு கிளை, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், புது பிளேடு, ஊசி: இவை போதும்.

படி 1: குடும்பம். காயைப் பிளந்து பாருங்கள். விதைகள் ஒரே விளிம்பை ஒட்டி வரிசையாக இருக்கும்; ஒரே சூலக இலையிலிருந்து (பூவின் பெண்ணுறுப்பின் ஓர் அலகு) உருவான காய் இது. குடும்பம் ஃபேபேசி. லெகுமினோசே என்ற பழைய பெயரும் விதிப்படி செல்லும்.

படி 2: துணைக்குடும்பம். விரியும் தறுவாயில் உள்ள மொட்டைக் குறுக்கே வெட்டுங்கள். மேலிதழ் மற்ற இதழ்களுக்கு உள்ளே அடங்கியிருக்கும், இது சிசால்பினியாய்டியே. அவரையிலும் சங்குப்பூவிலும் மேலிதழ் வெளியே நின்று மற்றவற்றை மூடியிருக்கும். அவை வேறு துணைக்குடும்பம். விரிந்த பூவில் இந்த அடுக்கு குலைந்துவிடும், அதனால் மொட்டுதான் வேண்டும். பழைய பாடநூல்கள் சிசால்பினியேசி என்று தனிக் குடும்பமாகச் சொல்லும். இந்தக் குடும்பத்துக்கான 2017 வகைப்பாட்டில் அது இல்லை.

படி 3: பேரினம். பலரும் தடுமாறும் இடம் இதுதான், பொறுமையாகப் பாருங்கள். மகரந்தத்தாள்கள் பத்து, மேலே உள்ள மூன்று மலடு. கீழே உள்ள மூன்று நீண்ட தாள்களின் காம்பைக் கவனியுங்கள். சரக்கொன்றையில் அவை மகரந்தப்பையைவிடப் பல மடங்கு நீண்டு, பாம்புபோல இருமுறை வளைந்திருக்கும், அது காசியா. ஆவாரையில் அந்த இரட்டை வளைவு இல்லை. பூக்காம்பில் சிறு பூவடிச்செதில்களும் (இலை போன்ற சிறு செதில்கள்) இல்லை என்றால் சென்னா. 1982-இல் தாவரவியலாளர்கள் இர்வினும் பார்னெபியும் பழைய காசியாவை மூன்று பேரினங்களாகப் பிரித்தபோது கைக்கொண்ட அடையாளங்களில் இவையும் உண்டு.

படி 4: சிற்றினம். ஆவாரையில் இலையடிச்செதில் (இலைக்காம்பின் அடியில் உள்ள இலை போன்ற உறுப்பு) பெரிதாக, காதுமடல் வடிவில் தண்டை அணைத்து நிற்கும். சிற்றிலை இணை ஒவ்வொன்றின் நடுவிலும் நிமிர்ந்த சுரப்பி ஒன்று இருக்கும். சாலையோரம் நடப்படும் சென்னா சயாமியாவில் சுரப்பியே கிடையாது. தகரையில் சிற்றிலை மூன்றே இணை. சீமையகத்திக் காயில் இறக்கை இருக்கும்.

படி 5: பெயர். சென்னா ஆரிகுலேட்டா (லி.) ராக்ஸ்ப்., ரோமனில் Senna auriculata (L.) Roxb. லி. என்பது லின்னேயஸ், ராக்ஸ்ப். என்பது ராக்ஸ்பர்க்; இருவரும் தாவரவியலாளர்கள்.

1753-இல் லின்னேயஸ் இதைக் காசியா ஆரிகுலேட்டா என்று வெளியிட்டார். ராக்ஸ்பர்க் சென்னாவுக்கு மாற்றிய பெயர், அவர் இறந்த பிறகு 1832-இல் அச்சில் வந்தது. முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குள், மாற்றியவர் வெளியே. அடைப்பை விட்டுவிட்டால் செடி பேரினம் மாறிய வரலாறே மறைந்துவிடும். ரோமன் எழுத்தில் பேரினத்தின் முதலெழுத்து பெரியது, சிற்றினம் முழுக்கச் சிறிய எழுத்து. இரண்டும் சாய்வெழுத்தில்; ஆசிரியர் பெயர் நேராக. கையால் எழுதினால் இரு சொற்களுக்கும் தனித்தனியாக அடிக்கோடு.

செடியை உலர்த்தி உலர்தாவரத் தாளில் (ஹெர்பேரியம் தாள்) ஒட்டினால், பெயரோடு அடையாளம் கண்டவர் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். பிறகு பெயர் மாறினால் பழைய சீட்டை அடிக்கவோ கிழிக்கவோ வேண்டாம். புதிய சீட்டை அதன் அருகில் ஒட்டுங்கள்.